ரேடியோவில் பாடாத சின்னம்மாவுக்கு

என் பாசமுள்ள சின்னம்மா,

நீங்கள் போன பிறகு எங்கள் பள்ளிக்கூடத்தில் உங்களுக்காக எல்லாரும் எழுந்து நின்றார்கள். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

காலைப் பிரார்த்தனையில் இரங்கல் சொல்வதற்காகத் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். "சின்னம்மா பாடுவாங்கன்னியே, கச்சேரி பண்ணியிருக்காங்களா? மெடல் ஏதாவது?" கல்யாண வீடுகளில் நலங்கு வைக்கும்போது மாப்பிள்ளை வீட்டாரைக் கேலி செய்து பாடுவீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ரேடியோவில் பாடியிருக்காங்க டீச்சர்" என்றேன். அதற்காகத்தான் அத்தனை தலைகளும் குனிந்தன.

மறுநாள் உங்கள் சிநேகிதி சரசக்கா கணபதி ஊரிலிருந்து துக்கம் கேட்க வந்தார். தன் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னார். அப்பாவை அப்போதுதான் பறிகொடுத்திருந்தவர், நலங்கில் முகத்தை நிமிர்த்தவே இல்லையாம். மங்கல காரியத்தில் இறந்தவர் பேச்சை யாரும் எடுக்க மாட்டார்கள். நீங்கள் எடுத்தீர்களாம். பந்திக்கு இருக்காமல் எங்கே போனீர்கள் என்று அந்த அப்பாவையே பாட்டில் வைது, சரசக்கா அழுது முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு மாப்பிள்ளையின் மீசைக்கு வந்தீர்களாம்.

"சிரிச்சுப்போட்டேன் அம்மணி. அந்தச் சிரிப்போடதான் மாப்பிள்ளை ஊட்டுக்குப் போனேன்."

"அந்தப் பாட்டு ஞாபகம் இருக்குங்களா அக்கா?"

"ஒரு வரிகூட இல்ல கண்ணு. அவளையே கேட்டேன். 'நான் என்ன பாடுனேன்?'னு என்னையே திருப்பிக் கேக்கறா!"

பாடியவரே மறந்த பாட்டைச் சாதனை என்பார்களா, சின்னம்மா? துணி துவைக்கும்போது யாருக்காகவுமில்லாமல் பாடுவீர்களே, அது?

புறப்படும்போது சரசக்கா வாசலில் நின்றார். என் வகுப்பில் படிக்கும் அவருடைய நாத்தனார் மகள் பிரார்த்தனையில் நடந்ததைச் சொல்லியிருக்கிறாள்.

"ரேடியோவுல பாடுனாளாமே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே. அத்தனை பெரியவங்கன்னு தெரியாம, வா புள்ள, போ புள்ளன்னு பேசிப்போட்டனே."

அவர் முகம் சின்னதாகிவிட்டது. நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உங்களை உயர்த்துவதாக நினைத்து, உங்கள் சிநேகிதியிடமிருந்து உங்களைப் பிடுங்கிவிட்டேன்.

இந்தக் கடிதம் எங்கள் கையெழுத்துப் பத்திரிகையில் வரும். பள்ளிக்கூடத்துக்கு உண்மையைச் சொல்ல அது போதும். சரசக்காவுக்குப் படிக்கத் தெரியாது. சனிக்கிழமை கணபதிக்கு நானே போகிறேன். "சின்னம்மா ரேடியோவுல பாடலைங்க அக்கா, நான்தான் பொய் சொன்னேன். நீங்க எப்பவும் போல 'புள்ள'ன்னே சொல்லுங்க" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்.

உங்கள் அக்கா மகள்,
பத்மா