அஞ்சலையிடம் நீங்கள் கேட்ட கேள்வி

இன்று காலை புக்கிட் பாருவில் கண் மருத்துவரிடம் போயிருந்தேன். எதிரே இருந்த இளம் டாக்டர் பேச்சை நிறுத்தி, தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் நிதானமாகத் துடைத்தார். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "பயப்படாதீங்கம்மா, சும்மா செக்கப்தான்" என்றார். அவருக்கு என்ன தெரியும்? நீங்கள் போன பிறகும் அந்தப் பயம் போகவில்லை.

கோர்ட்டில் எதிராளியை வீழ்த்தும் கேள்வியைக் கேட்குமுன் நீங்கள் அப்படித்தான் செய்வீர்கள். நீங்கள் அரசுத் தரப்பு வக்கீல், நான் எதிர்த்தரப்பு. பகலெல்லாம் கீரியும் பாம்புமாக இருப்போம். சாயங்காலம் காஜா பெராங்கில் உங்கள் வீட்டில் உங்கள் அம்மா வைத்த மீன் பிண்டாங் குழம்பை ஒரே மேசையில் சாப்பிடுவோம். அங்கே பேச்செல்லாம் மலாய்தான். சாமி கும்பிடுவது நம் முறைப்படி என்றாலும், செட்டி வீடுகளில் தலைமுறைகளாக வீட்டு மொழி அதுதான். கோயிலில் திருநீறு பூசிக்கொண்டு நிற்கும் உங்களை, "சாமிக்குத் தமிழ் புரியும், உங்களுக்குத்தான் புரியாது" என்று சீண்டுவேன். நீங்கள் சிரிப்பீர்கள். என் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "தமிழ் பேசத் தெரியாத மாப்பிள்ளகிட்ட நான் என்னத்தம்மா பேசறது?" என்று நம் கல்யாணத்தைத் தள்ளிக்கொண்டே போனார்.

அப்போதுதான் அஞ்சலையின் வழக்கு வந்தது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் பெண். அவளை வேலை வாங்கும் மண்டோர் வெட்டுப்பட்டுக் கிடந்தார். பழி அவள்மேல் விழுந்தது. நிரூபணமானால் தூக்கு. நான் அதுவரை கொலை வழக்கு நடத்தியதில்லை. சோறு இறங்கவில்லை. "ஜாங்ஙான் தாக்குட்", பயப்படாதே என்று நீங்கள்தான் என் தோளைத் தட்டினீர்கள். என்னை எதிர்த்து வாதாடப் போகிறவரே எனக்குத் தைரியம் சொன்னால் எப்படி இருக்கும்? எனக்கு அன்று ஆறுதலாகத்தான் இருந்தது.

விசாரணைக்கு முன் கோர்ட் நடைபாதையில் அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நான் அங்க போனேன். அவரு ஏற்கெனவே செத்துக் கெடந்தாரு. பயந்து ஓடிட்டேன். சொன்னா என்னைய தூக்குல போட்ருவாங்களாம்மா?" நீங்கள் பக்கத்துத் தூணருகே நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். காவலுக்கு நின்றவர் மலாய்க்காரர். சுற்றிலும் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை என்ற தைரியத்தில் நானும் குரலைத் தாழ்த்தவில்லை. "கூண்டுல நடந்ததை அப்படியே சொல்லும்மா" என்றேன்.

அவள் சொல்லவில்லை. பயம் நாக்கைக் கட்டிவிட்டது. அந்தப் பக்கமே போகவில்லை என்று சாதித்தாள். மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். நீங்கள் எழுந்து கண்ணாடியைக் கழற்றினீர்கள். பிறகு மொழிபெயர்ப்பாளரைப் பாராமல் நேரே அஞ்சலையிடம் திரும்பி, என்னைவிட மென்மையான தமிழில் கேட்டீர்கள்:

"பயப்படாதம்மா. நீ அங்க போன, பாத்த, ஓடின. இல்லையா?"

யாரோ நம்மவர் கேட்கிறார் என்று அவள் முகம் மலர்ந்தது. "ஆமாங்கய்யா" என்றாள்.

ஆட்சேபம் சொல்ல வேண்டிய நான் உட்கார்ந்தே இருந்தேன்.  நீதிபதி மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டார், அவர் சொன்னார், அத்தோடு எல்லாம் முடிந்தது. வாசலில் நீங்கள் என்னை மறித்து, "உங்கப்பாகிட்ட பொண்ணு கேக்கத்தான் கோயில் பூசாரிகிட்ட தமிழ் படிச்சேன்" என்றீர்கள். அதையும் தமிழிலேயே சொன்னீர்கள். எனக்காகக் கற்ற மொழியை முதலில் எங்கே பயன்படுத்தினீர்கள் என்று யோசித்தபோது, உங்களுக்குப் பக்கத்தில் நிற்கவே பயமாக இருந்தது. அப்பா சம்மதித்தும் நான் சம்மதிக்கவில்லை.

ஊரெல்லாம் மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கொடி கட்டிக்கொண்டிருந்தபோது தூக்குத் தீர்ப்போடு சிறையில் இருந்த அஞ்சலை, "கயிறு கழுத்த அறுக்குமாம்மா?" என்று கேட்டாள். நான் எதையோ சொல்லிச் சமாளித்துவிட்டு, வெளியே வந்து மேல்முறையீட்டு மனுவை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

மேல்முறையீட்டில் அவள் பிழைத்தாள். உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரை ஒதுக்கிவிட்டு, நீதிபதிக்குப் புரியாத மொழியில் வாங்கிய பதில் செல்லாது என்று சொல்லி விடுதலை செய்தார்கள். முதலில் எனக்கு அழுகை வந்தது. அப்புறம் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. நடைமுறையில் ஒரு நூல் பிசகாதவர் நீங்கள். அன்று மட்டும் எப்படிப் பிசகினீர்கள்? ஜெயிக்கிற அவசரமா, இல்லை எனக்காகத் தெரிந்தே மேல்முறையீட்டுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தீர்களா? முதலாவது என்றால் நான் நேசித்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது என்றால் இத்தனை காலம் உங்களைத் தனியாக விட்டவள் நான்.

போன வருடம் நீங்கள் கடைசியாகப் படுத்திருந்த ஆஸ்பத்திரியில் அதை உங்களிடமே கேட்டுவிட்டேன். "தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?"  நீங்கள் மேசைமேல் இருந்த கண்ணாடிக்குக் கை நீட்டினீர்கள்.

நான் முந்திக்கொண்டு அதை எடுத்துக் கூட்டுக்குள் வைத்து மூடினேன். "வேண்டாம், சொல்லாதீங்க" என்றேன். நீங்களும் சொல்லவில்லை.

நீங்கள் போன பிறகு நான் எடுத்துக்கொண்ட அந்தக் கூடு இப்போதும் என் கைப்பையில்தான் இருக்கிறது. இன்று டாக்டரிடம் என் கண்ணாடியை எடுத்துக் கொடுக்கும்போது விரல் அதில் பட்டது. திறக்கவில்லை.