ரப்பர் விலங்கின் பின்பாதி

மார்ச் 3

இன்றும் பூண்டு. தங்கை வீட்டுக்காரர் மதியத்தில் வேறெதுவும் சாப்பிடுவதே இல்லையா? ரப்பர் உடம்புக்குள் எனக்குப் பின்னால் குனிந்து, என் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு அவர் விடும் மூச்செல்லாம் என் முதுகில்தான் விழுகிறது. நான் தலையும் வாயும். அவர் பின்னங்காலும் வாலும். அருங்காட்சியகத்தில் இந்த வேலையை அவருக்கு வாங்கிக்கொடுத்தவளும் நான்தான். யாரை நொந்துகொள்வது?

டைனோசர்களுக்கும் முந்தைய விலங்காம் இது. கூடத்தைச் சுற்றி ஓடி, உறுமி, பிள்ளைகளைத் துரத்த வேண்டும். முடிந்து வெளியே வந்தால் உடம்பெல்லாம் கொழகொழவென்று வியர்வை. என்னுடையது எது, அவருடையது எது என்று தெரியாத வியர்வை. சீ.

மார்ச் 5

உள்ளேயே ஏப்பம் விட்டார். எழுதக்கூடப் பிடிக்கவில்லை.

மார்ச் 9

கூட்டமே இல்லை. நான் உறுமும்போது முன்வரிசையில் ஒரு அம்மா கொட்டாவி விட்டார்.

மேனேஜர் கூப்பிட்டார். "இப்படியே போச்சுன்னா ஷோவை மூடிடுவாங்க. இன்னும் வேகமா ஓடுங்க."

"குனிஞ்சுகிட்டு எவ்வளவு சார் ஓடுறது?" என்றார் தங்கை வீட்டுக்காரர். நியாயமாகத்தான் பட்டது. சொன்ன கையோடு வாய்க்குள் விரலை விட்டுப் பல்லிடுக்கை நோண்டினார். அந்த விரலைத் துடைக்காமலே வந்து ரப்பர் தலையைத் தூக்கி எனக்கு மாட்டிவிட்டார்.

மார்ச் 12

எலும்புகளை ஆராயும் டாக்டரம்மா ஒத்திகை பார்க்க வந்தார். பார்த்ததும் சிரித்துவிட்டார். "இது ஓடவே ஓடாதும்மா. இவ்வளவு பெரிய தலையைத் தூக்கிக்கிட்டு அந்தக் குட்டிக் கால் எங்க ஓடும்?"

தன் அறைக்குக் கூட்டிப்போய் மண்டையோட்டின் வார்ப்பைக் காட்டினார். முறம் போலத் தட்டை. கண்குழி இரண்டும் உச்சந்தலையில். "சேத்துல தாடையை வச்சுப் படுத்துக்கும். மீன் பக்கத்துல வர்ற வரைக்கும் அசையாது. வந்துச்சுன்னா மேல்தலையைச் சட்டுனு தூக்கும், பெட்டி மூடியைத் திறக்கிற மாதிரி. தண்ணியோட மீனும் உள்ள போயிடும்."

மெல்லாதாம், அப்படியே விழுங்குமாம். வாயை மூடினால் கீழ்த்தாடையின் இரண்டு கோரைப்பற்கள் மூக்கு நுனி ஓட்டைகள் வழியாக மேலே நீட்டிக்கொண்டிருக்குமாம். தவளைக்குத் தூரத்துச் சொந்தம். முதலை நீளம். வழவழவென்று ஈரத்தோல்.

"குட்டிகளை எப்படிப் பாத்துக்கும்?"

"பாத்துக்கிறதா? அதோட சாணம் கல்லாகிக் கிடைச்சிருக்கு. உள்ள அதே இனத்துக் குட்டியோட எலும்பு."

இத்தனை நாள் இதன் வாயாகவா இருந்தேன்!

மார்ச் 13

ஒன்று தோன்றுகிறது. அது அசையாமல் கிடக்கும் விலங்கு என்றால் பின்னங்காலுக்கு ஆள் எதற்கு? பின்பாதிக்குள் பஞ்சை அடைத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிடலாம். தலைக்கு நான் ஒருத்தி போதும்.

அந்த மூச்சு முதுகில் படாத ஒரு நாள் —

தங்கையை நினைக்காமல் இல்லை. நினைத்தேன்.

மார்ச் 16

தங்கை போன் செய்தாள். "அக்கா, அவர் வேலைக்குப் போக ஆரம்பிச்சதுல இருந்துதான் வீட்ல சிரிப்புச் சத்தமே கேக்குது. உன்னாலதான்."

"ம்" என்றேன்.

மார்ச் 17

மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா சொன்னது, தொட்டி, பஞ்சு எல்லாம். துள்ளிக் குதித்தார். "முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?"

மார்ச் 20

தங்கை வீட்டுக்காரரை நிறுத்திவிட்டார்கள். யோசனை என்னுடையது என்பதையும் மேனேஜர் பெருமையாகச் சொல்லிவைத்திருக்கிறார்.

கத்துவார் என்று நினைத்தேன். உடை மாற்றும் அறையில் துண்டை மடித்துக்கொண்டே, "பரவாயில்லக்கா. எனக்கும் கழுத்து பிடிச்சுக்கிச்சு. மூச்சு உங்க மேல படக் கூடாதேன்னு ஒரு பக்கமாத் திரும்பிக்கிட்டேதானே குனிவேன்" என்றார்.

அப்போ அவருக்குத் தெரிஞ்சிருக்கு. நான் மூக்கைச் சுளிச்சதெல்லாம் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலையே மனுஷன்!

அப்போதும் அவர் துண்டின் வாடை எனக்குப் பொறுக்கவில்லை. ஜன்னலைத் திறந்தேன். என்ன பிறவி நான்?

மார்ச் 29

தொட்டித் தண்ணீர் சாண் ஆழம்தான், பாசி பிடித்துக் கெட்டுக் கிடக்கிறது. தாடையைத் தரையில் வைத்து, கண் ஓட்டை வழியாக மேலே பார்த்தபடி கிடக்கிறேன். அசையாமல் கிடந்தால் பிள்ளைகள் பொம்மை என்று நினைத்து நெருங்கி வருகிறார்கள். நிழல் விழுந்ததும் தலையைத் தூக்குகிறேன். அலறல். கூடம் நிரம்பி வழிகிறது.

ஏப்ரல் 2

அவர் போன பிறகும் உள்ளே அதே நாற்றம். ரப்பரா? நானா?

ஏப்ரல் 6

தங்கை போனை எடுப்பதில்லை. "வேலையா இருக்கா, அப்புறம் பேசுவா" என்கிறார் அவள் வீட்டுக்காரர், ஒவ்வொரு முறையும், தன்மையாகவே.

ஏப்ரல் 11

மாலைக் காட்சி. தண்ணீர் கலங்கலாக இருந்தது. தொட்டி விளிம்பில் ஒரு நிழல் வந்து நின்றது. மற்றவர்களைப் போல எட்டிப் பார்த்துவிட்டு விலகவில்லை. குனிந்தது. இன்னும் குனிந்தது. பழகிப்போன உடம்பு, யாரென்று பார்க்கவில்லை. தலையைத் தூக்கினேன்.

கூடமே அலறியது. தங்கை அலறவில்லை.

திறந்த வாய்க்குள் என் முகம் அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். பார்த்துக்கொண்டே நின்றாள். பாசித் தண்ணீர் அவள் கன்னத்திலிருந்து சொட்டியது. புடவைத் தலைப்பால் நிதானமாகத் துடைத்தாள், அசிங்கத்தைத் துடைப்பது போல. பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டாள். கூப்பிடலாம் என்றால், வாய் பேசினால் காட்சி கெட்டுவிடும்.

இன்றுதான் மிக நன்றாக வந்தது என்றார் மேனேஜர்.