யூரோப்பியம் சிவப்பு

சிட்னி, 12 நவம்பர் 2000

அன்புள்ள ஜான்கி,

நலம்தானே? அப்பாவின் மூட்டுவலி எப்படி? துப்பாக்கிக்காரர்கள் நம் தீவின் பாராளுமன்றத்தில் புகுந்ததும் நாம் இருவரும் வேலை பார்த்த சுவா சோதனைக்கூடத்தைப் பூட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. நீ அப்பாவோடு இருப்பதால்தான் இங்கே நிம்மதியாக வேலை பார்க்கிறேன். உன்னை அழைப்பது பற்றிப் பேராசிரியரிடம் பேசுகிறேன்.

ஒரு சிக்கல். யூரோப்பியம் கலந்த இட்ரியம் ஆக்சைடு நானோ தூள் இங்கே மங்கலாகவே ஒளிர்கிறது. நீ செய்தது புறஊதா விளக்கின் கீழ் எப்படிச் சிவந்தது! என்ன செய்தாய்?

உன் சுரேந்திரா

ட்ராசா, 3 டிசம்பர் 2000

அன்புள்ளவருக்கு,

நிலத்தின் குத்தகை முடிந்தது. இதுவே நம் கடைசிக் கரும்பு. உங்கள் கடிதங்களை மாமாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். “எப்பம்மா கூப்பிட்டுக்குவான்?” என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார். எனக்கும் அதுதான் கேள்வி.

துகள் சிறிதானால் மேற்பரப்பு அதிகம். அங்கே ஒட்டிய ஈரம் யூரோப்பியம் வாங்கிய ஆற்றலைத் தின்றுவிடும். நன்றாக உலர்த்தி, தொள்ளாயிரம் டிகிரியில் சுட்டு, உலைக்குள்ளேயே ஆறவிடுங்கள். படிகம் ஒழுங்காகும். இதைக் கண்டுகொள்ள எனக்கு இரண்டு மழைக்காலம் ஆயிற்று. என் குறிப்புகளையும் இணைத்திருக்கிறேன்.

உங்கள் ஜான்கி

சிட்னி, 20 ஆகஸ்ட் 2001

அன்புள்ள ஜான்கி,

தூள் ஒளிர்ந்தது! அதைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை வெளிவந்துவிட்டது, பிரதி இணைத்திருக்கிறேன். உன் பெயர் இல்லை என்று வருந்தாதே. இங்கே வேலை செய்யாதவரைச் சேர்க்க வேண்டாம் என்றார் பேராசிரியர். எனக்கு வேலை நிரந்தரமாகும் நேரம், நானும் வற்புறுத்தவில்லை. என் பெயர் வந்தால் உன் பெயர் வந்ததுபோல்தானே?

விசா தாள்களில் கையெழுத்திட்டு அனுப்பு. உனக்கு மட்டும்தான் இப்போது முடியும். அப்பாவைப் புலிலேகாவில் அத்தை வீட்டில் விட்டுவிடு.

உன் சுரேந்திரா

சிகடோகா, 9 செப்டம்பர் 2001

திரு. சுரேந்திரா அவர்களுக்கு,

ட்ராசா வீட்டைக் காலிசெய்து இங்கே வந்துவிட்டோம். பள்ளியில் வேதியியல் சொல்லித்தருகிறேன்.

உங்கள் கடிதத்தை வழக்கம்போல் வாசித்தேன். அத்தை வீட்டில் விடச் சொன்ன வரியையும் தவிர்க்கவில்லை. மாமா, “நீ போம்மா, ஒனக்குப் படிப்பு இருக்கு,” என்றார்.

“அதத்தான் அவரு எடுத்துக்கிட்டாரே மாமா,” என்றேன். அவர் என்னோடுதான் இருப்பார். விசா தாள்களைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்புகிறேன்.

கட்டுரையை முழுதும் படித்தேன். யூரோப்பியம் படிகத்தில் இரண்டு வகை இடங்களில் உட்காரும். சமச்சீரான இடத்திலிருந்து அந்தச் சிவப்பு வராது, மற்றதிலிருந்துதான் வரும். நீங்கள் இரண்டையும் மாற்றி எழுதியிருக்கிறீர்கள். என் குறிப்புகளில் இல்லாத ஒரே பகுதி அதுதான்.

யாராவது அந்தப் பிழையைப் பற்றிக் கேட்கும்போது என்ன சொல்வதென்று எனக்கு எழுதிக் கேட்காதீர்கள்.

ஜான்கி