அன்றைக்கு D எது

2001 மார்ச் 5, திங்கள்

அப்பா, இந்த நோட்டு உங்கள் கையில் சிக்கினால் அக்காவுக்குப் படித்துக் காட்டாதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன், அதுவும் எல்லாரும் படுத்த பிறகு, குளியலறையில்.

இன்று கம்ப்யூட்டர் பெட்டியைத் திருகு கழற்றித் திறந்தேன். ஜான்சி அக்கா காலேஜில், அப்பா ஃபேக்டரியில், அம்மா கட்கி பஜாரில். என் தோழி பாத்திமா தன் அண்ணனின் பழைய ஹார்ட் டிஸ்கைக் கொடுத்திருந்தாள். அதில் பாட்டு நிறைய. "காப்பி பண்ணிட்டு மொத்தமா அழிச்சிக் குடுத்துடுடி, அண்ணன் யாருக்கோ தரணுமாம்" என்றாள்.

மாட்டியதும் அது திரையில் D என்று வந்தது. அக்கா தன் காலேஜ் வேலையை வைத்திருக்கும் D, E ஆகிவிட்டது! பயந்து திறந்து பார்த்தேன். அவளுடைய ப்ராஜெக்ட் E-இல் அப்படியே இருக்கிறது. சரி. D பாத்திமாவுடையது, E அக்காவுடையது. கையிலும் எழுதிக்கொண்டேன். டிஸ்கைக் கழற்றி, பெட்டியை மூடிவிட்டேன்.

மார்ச் 6

டிஸ்கை மறுபடி மாட்டி, அறுபத்தொரு பாட்டையும் எங்கள் C-க்கு எடுத்துவிட்டுக் கழற்றிவிட்டேன். நாளை அழிக்க வேண்டும்.

மார்ச் 7

போச்சு.

டிஸ்கை மறுபடி மாட்டி, மொத்தமாக அழிக்க D-ஐ ஃபார்மேட் செய்தேன். நிச்சயமா என்று கேட்டது. ஆமாம் என்றேன். பிறகுதான் பார்க்கிறேன், E இல்லவே இல்லை. பாத்திமாவின் டிஸ்கில் மின்வயர் சரியாக மாட்டவில்லை. அது உள்ளே இருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. அதனால் அக்காவுடையது மறுபடி D ஆகியிருக்கிறது.

அழித்தது அக்காவின் ப்ராஜெக்ட். இரண்டு மாத வேலை. திங்கட்கிழமை காலேஜில் கொடுக்கணும். E இருக்கான்னு ஒரு தடவ பாத்திருக்கக் கூடாதா? ஏன் பாக்கல?

அக்கா பார்த்துவிடக் கூடாதென்று மானிட்டர் வயரைத் தளர்த்தி வைத்தேன். சாயங்காலம் அக்கா ஆன் பண்ணித் தட்டித் தட்டிப் பார்த்தாள். "அரே, இது சாலூவே ஆக மாட்டேங்குது! நீ ஏதும் நோண்டுனியாடி?" இல்லை என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 8

பள்ளி விட்டதும் பாத்திமாவின் அண்ணன் வேலை செய்யும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். நடந்ததைக் கேட்டு முதலில் சிரித்தார். "D-ங்கிறது டிஸ்க் மேல ஒட்டுன பேரில்லம்மா. ஆன் பண்றப்பல்லாம் விண்டோஸ் புதுசா எண்ணி எழுத்துக் குடுக்கும்."

பி.டி. பீரியடில் வரிசையாக நின்று ஒன்று, இரண்டு, மூன்றுக்கு ஏக், தோன், தீன் என்று எண்ணுவோமே, அதேதான். எனக்கு முன்னால் ஒருத்தி வந்து நின்றால் நான் தீன். அவள் வராத அன்று நான் தோன்.

"குயிக் ஃபார்மேட்தானே? பட்டியல்தான் போயிருக்கும், உள்ள இருக்கிறது பெரும்பாலும் இருக்கும். ஆனா அதுமேல ஒரு ஃபைல்கூட எழுதிடாதே. எழுதுனா அதுவும் போச்சு. நாளைக்குப் பெட்டியத் தூக்கிட்டு வா."

பெட்டியை அக்காவுக்குத் தெரியாமல் எப்படித் தூக்குவது?

வீட்டுக்கு வந்தால் அக்கா மானிட்டர் வயரைக் கண்டுபிடித்து மாட்டியிருந்தாள். C-இல் அறுபத்தொரு பாட்டு. D காலி. அழுதுகொண்டே பிளாப்பியில் இருந்த பழைய முதல் அத்தியாயத்தை D-க்கு மாற்றப் போனாள். கை மவுஸில் இருந்தது. நான் ஓடிப்போய் சுவிட்ச் போர்டில் அணைத்துவிட்டேன்.

எல்லாம் சொல்லிவிட்டேன்.

அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 9

அக்கா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் அந்தக் கடைக்குப் போனாள். என்னைக் கூப்பிடவில்லை.

மார்ச் 10

சாப்பிடும்போது அக்கா தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தாள். அம்மா "என்னங்கடி ரெண்டு பேருக்கும்?" என்று கேட்டாள். இருவருமே "ஒண்ணுமில்லம்மா" என்றோம்.

மார்ச் 12, திங்கள்

அக்கா ப்ராஜெக்டைக் கொடுத்துவிட்டாள். ஃபோல்டர்களின் பெயரெல்லாம் போய் வெறும் எண்களாகத் திரும்பி வந்தனவாம். மூன்றாவது ஃபோல்டருக்குள் ப்ராஜெக்டின் எல்லாப் பக்கங்களும் இருந்தன.

பெட்டி மேஜைக்குத் திரும்பிவிட்டது. அக்கா இல்லாதபோது திறந்து பார்த்தேன். D-க்கு அவளே இங்கிலீஷ் எழுத்தில் பெயர் வைத்திருக்கிறாள்: தொடாதேடி. எழுத்து மாறினாலும் இந்தப் பெயர் டிஸ்கோடேயே போகும். என் அறுபத்தொரு பாட்டையும் அவள் அழிக்கவில்லை

அக்கா குளியலறைக் கதவைத் தட்டுகிறாள். "ஏய், தமிழ்ல எழுதுனா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? தெற. நீயே படிச்சுக் காட்டு, மொதப் பக்கத்துலேருந்து