கிழங்கு விட்ட தளிர்

சூயுனின் அப்பாவுக்கு,

இலையுதிர் காலம் முடிவதற்குள் மூதான் பூச்செடியைப் பெயர்த்து நம் பெண்ணின் சமாதியில் நடச் சொல்லி எழுதியிருந்தீர்கள். நேற்று மண்வெட்டியோடு தோட்டத்துக்குப் போனேன்.

போன வருஷம் அவள் ஷாவ்யாவ் கிழங்கில் மூதான் குச்சியைச் செருகி ஒட்டுக் கட்டி அணைத்த மண் காய்வதற்குள் அவளையும் மண்ணில் வைத்தோம். வசந்தத்தில் அதே இடத்தில் தளிர் வந்தது. பக்கத்து வீட்டு மெங் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இது மூதானே இல்ல. பூ ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான், ஆனா மூதான் இலை இப்படியா பளபளன்னு இருக்கும்? உன் பொண்ணு கட்டின ஒட்டு பட்டுப்போச்சு. அடியில வெச்ச ஷாவ்யாவ் கிழங்குதான் தளிர் விட்டிருக்கு. பிடுங்கி எறி."

"உங்க செடியப் போய்ப் பாருங்க," என்றேன். அதன்பிறகு அவரோடு பேச்சில்லை. தினமும் தண்ணீர் ஊற்றினேன். உங்களுக்கும் நன்றாக வளர்கிறது என்றே எழுதினேன்.

மூதானாக இருந்தால் இலை உதிர்ந்தாலும் மரக்குச்சியாவது நின்றிருக்கும். இந்த வருஷம் பனி முந்திவிட்டது. இது தரையோடு காய்ந்துபோனது.

தோண்டினேன். அவள் செருகிய மூதான் குச்சி கறுத்து மக்கியிருந்தது. கட்டிய பிளாஸ்டிக் நாடா மட்டும் அப்படியே இருந்தது. ஷூவுக்கும் போடுவாளே, அதே இரட்டை முடிச்சு. "இது அவுழவே அவுழாதும்மா" என்பாள். அவிழவில்லை.

கீழே கிழங்கு கொழுத்துக் கிடந்தது. வெட்டிப்போடத்தான் மண்வெட்டியை ஓங்கினேன்.

பிறகு கிழங்கை அந்த முடிச்சோடு கொண்டுபோய் சமாதியில் நட்டுவிட்டேன். வசந்தத்தில் வந்தால் பூவைப் பாருங்கள். இலையைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
அவள் அம்மா