சீமாட்டிக்கு ஊற்றிய தண்ணீர்

ஜனவரி 4, ஞாயிறு

இன்று காலை கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், அவருடைய அண்ணி, அதாவது என் ஓரகத்தி, அவரைத் தன்னோடு கூட்டிப்போக வந்த அவர் மகன். ஆக நாலு பேர். ஐந்தாவதாக ஒரு முள்செடி, மண்தொட்டியோடு, நான் துடைத்து வைத்த மேஜையின் மேல்.

ஓரகத்தி இனி மகன் வீட்டோடு போகிறார். குடியிருந்த வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. மகனுடைய அடுக்குமாடியில் செடிக்கு இடமில்லையாம். அதனால் என் தலையில். துடைப்பக் கட்டைக்கு முள் முளைத்தால் எப்படி இருக்கும், அதுதான். கிளை நுனிகளில் கொஞ்சம் இலை, பொத்தான் அளவில் இரண்டு சிவப்புப் பூ. தூக்கி வந்த மகனுக்கு விரலில் குத்திவிட்டது. சட்டையில் ரத்தம் பட்டதற்கு முகத்தைச் சுளித்தானே தவிர, அம்மாவின் பையை வாங்கிக்கொள்ள அவன் கை நீளவில்லை.

கிளம்பும்போது ஓரகத்தி சொன்னது: "நீ ஒண்ணும் பண்ணாம இருந்தாலே போதும். அதுபாட்டுக்கு இருக்கும்."

ஒண்ணும் பண்ணாம இருந்தாலே போதுமாம். எனக்குப் புரியாதா? இந்த மகன் தவழ்ந்துகொண்டிருந்த காலம். எனக்கு மடி காலி. நான் நட்ட ரோஜாக் குச்சி காய்ந்துபோனது. நாலு பேர் நடுவே இதே வாய் சிரித்துக்கொண்டு சொன்னது: "அவ கைக்கு எதுவும் தழைக்காது." எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும்தான். அப்புறமும் எனக்குப் பிள்ளை இல்லை. அந்த வார்த்தை மட்டும் நன்றாகத் தழைத்தது.

இந்தச் செடி என் கையில் பூக்கும். பூக்க வைப்பேன்.

ஜனவரி 5, திங்கள்

கிட்டே போனால் குத்துகிறது. இலையைக் கிள்ளினால் பால் வடிகிறது. ஆனால் வீட்டிலேயே நல்ல வெயில் வரும் ஜன்னல் வேண்டுமாம். சீமாட்டி என்று பெயர் வைத்திருக்கிறேன். கிழக்கு அறை ஜன்னலைக் கொடுத்தாயிற்று. சும்மா கிடந்த அறைதானே.

சாமி அலமாரியில் வைத்து எடுக்கும் தண்ணீரைக் கால் படும் இடத்தில் கொட்ட மாட்டேன். இத்தனை நாள் நானே குடித்தேன். இனி ஒவ்வொரு காலையும் அது சீமாட்டிக்கு. யார் வீட்டுச் செடிக்குக் கிடைக்கும் இந்த யோகம்?

ஜனவரி 13, செவ்வாய்

போனில் ஓரகத்தி. நான் எப்படி இருக்கிறேன் என்ற கேள்வி இல்லை. "செடி எப்படி இருக்கு?"

"புதுசா மொட்டு விட்டிருக்கு அக்கா." அழுத்தமாகச் சொன்னேன். உண்மைதான்.

"அப்படியா. பரவால்லையே."

பரவால்லையே. பாராட்டுக்கு இவர் வீட்டில் இருக்கிற ஒரே வார்த்தை.

ஜனவரி 30, வெள்ளி

மொட்டு உதிர்ந்துவிட்டது. இலை மஞ்சள்.

பிப்ரவரி 6, வெள்ளி

இன்னும் ஐந்து இலை கீழே. நான் எட்டாவதோடு நின்றவள். மீதியை மளிகைப் பொட்டலத்துக் காகிதத்தில் படித்துக்கொண்டேன், அந்தத் தைரியத்தில் போனில் செடி வீடியோக்களைப் பார்த்தேன். ஒருவன் வாழைப்பழத் தோல் போடு என்கிறான். ஒருத்தி முட்டை ஓடு என்கிறாள். இன்னொருவன் செடியோடு பேசச் சொல்கிறான். எதைப் பேச? உன் எஜமானியைப் பற்றியா?

தண்ணீர் அதிகமானாலும் இலை கொட்டும் என்று ஒருவர் சொன்னார். நிறுத்திவிட்டேன், வீடியோவைத்தான். சாமி தண்ணீர் கெடுதல் செய்யுமா?

பிப்ரவரி 11, புதன்

என் வீட்டுக்காரர் டம்ளரில் மிஞ்சும் டீயைத் தொட்டியில் கவிழ்ப்பதைப் பார்த்தேன். எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"அது வந்ததிலேர்ந்துதான். உரம்னு சொல்றாங்களே."

"யாரு?"

"சொல்றாங்க."

நல்லது. எல்லாப் பழியும் டீ மேல்தான். நிம்மதியாகத் தூங்கப் போகிறேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

டீ நின்றும் ஒன்றும் தேறவில்லை. தண்டின் அடிப்பாகம் வெந்த கிழங்கு மாதிரி அமுங்குகிறது. நாற்றம் வேறு.

இவர் கொடுத்த யோசனை: "பிளாஸ்டிக்ல ஒண்ணு வாங்கி வச்சிடலாம். அண்ணிக்குக் கண்ணு தூரத்துல அவ்வளவா தெரியாது." இந்த மூளையோடுதான் நான் குடும்பம் நடத்துகிறேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

மறுபடி போன். பின்னால் டிவி இரைச்சல். ஓரகத்தி குரலைத் தாழ்த்திப் பேசினார், யாருக்கோ இடைஞ்சலாகிவிடும் என்பது போல. சத்தமாகப் பேசியே நாலு வீட்டை ஆண்ட மனுஷி.

"தண்ணி ஊத்திடலையே? நான் மாசத்துக்கு ரெண்டு தரம் ஊத்தினா அதிகம். அதான் அன்னிக்கே சொன்னேனே, ஒண்ணும் பண்ணாதேன்னு."

குத்தல் என்று நினைத்தேனே — அது பக்குவமா? செடிக்குச் சொன்ன பக்குவமா?

சொல்றதை ஒழுங்கா சொல்லத் தெரிஞ்சாத்தானே. வாயைத் திறந்தாலே முள்ளு, அதுல நல்லது எது கெட்டது எதுன்னு நான் எப்படிப் பிரிச்சுப் பாக்கறது? சொல்லுங்க சாமி.

"நல்லா இருக்கு அக்கா" என்றேன். பொய்.

பேச்சை மாற்றக் கேட்டேன், "அங்க எங்க படுத்துக்கறீங்க?"

"ஹால்லதான். சோபா மெத்துனுதான் இருக்கு. இவங்க டிவி பாத்து முடிச்சாங்கன்னா படுத்துக்குவேன்."

"அவ்வளவு பெரிய வீட்ல ரூம் இல்லையா?"

"இருக்கு. அதுல மருமகளோட எக்சர்சைஸ் சைக்கிள் நிக்குது."

சிரிப்பு வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

பிப்ரவரி 25, புதன்

அலமாரி முன் உட்கார்ந்து யோசித்தேன். சாமி தண்ணீர் தப்புச் செய்யவில்லை. ஊற்றிய கைக்குத்தான் அளவு தெரியவில்லை. வீம்புக்கு ஊற்றிவிட்டு அதைப் பக்தி என்று கணக்கெழுதினேன்.

நல்லதாக இருந்த மூன்று கிளைகளை வெட்டினேன். இந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று படித்திருந்ததால் முகத்தைத் திருப்பிக்கொண்டே. கையுறை போட்டும் இரண்டு முள் இறங்கின. வெட்டுவாய் காயும்வரை நிழலில் கிடக்க வேண்டுமாம். அடிக்கட்டையை முறத்தில் அள்ளிக் குப்பையில் போட்டேன். போய் வா சீமாட்டி. பெரிய இழப்பு ஒன்றுமில்லை. கண்ணில் ஏன் தண்ணீர் என்றால், பாலின் நெடி.

மார்ச் 4, புதன்

மூன்றையும் மணல் கலந்த மண்ணில் நட்டேன். இனி என் வேலை, ஒண்ணும் பண்ணாமல் இருப்பது. என் ஜன்மத்தில் செய்த வேலைகளிலேயே கஷ்டமானது இதுதான். சாமி தண்ணீரை மறுபடி நானே குடிக்கிறேன்.

ஏப்ரல் 9, வியாழன்

ஒன்று காய்ந்துவிட்டது. ரோஜாக் குச்சி ஞாபகம் வந்தது.

மற்ற இரண்டையும் லேசாக அசைத்துப் பார்த்தேன். அசைந்து கொடுக்கவில்லை. வேர் பிடித்திருக்கிறது.

மே 17, ஞாயிறு

ஓரகத்தி போன் செய்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நானே செய்தேன். மகன் எடுத்தான். "அம்மா தூங்கறாங்க சித்தி." பகல் பதினொரு மணி. கூடத்து சோபாவில், டிவி ஓடிக்கொண்டிருக்க. இவனை வளர்த்த கைக்குத்தான் எல்லாம் தழைத்தது.

ஜூன் 21, ஞாயிறு

காலையில் ஜன்னலைத் திறந்தால் பூ. ஒன்று. பொத்தான் அளவுதான், பெரிய அழகென்று சொல்ல மாட்டேன். அலமாரியில் வைக்கப் பறிக்கலாமா என்று கை போனது. பறிக்கவில்லை. இருக்கிற இடத்திலேயே அது சாமியுடையதுதானே.

என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "உன் கையிலதான் பூத்திருக்கு" என்றார். அன்று சிரித்தது இவருக்கு நினைவிருக்கிறதா? கேட்கவில்லை. "கட்டிலை இந்த அறைக்கு மாத்தணும். ஒரு கை பிடிங்க" என்றேன். யாருக்கு என்று அவரும் கேட்கவில்லை. முதல் தடவையாக, மூளை வேலை செய்திருக்கிறது.

ஓரகத்திக்குப் போனில் அனுப்பப் போவதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்:

அக்கா, நீங்க கொடுத்த செடி செத்துப்போச்சு. தண்ணி ஊத்தினது நான். பிப்ரவரியில நல்லா இருக்குன்னு சொன்னது பொய். அதுல வெட்டி வச்ச கிளை ரெண்டு பிழைச்சிருக்கு. ஒண்ணு இன்னிக்குப் பூத்திருக்கு. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு. எது யாருக்குன்னு நீங்க நேர்ல பாத்துத்தான் சொல்லணும். அனுப்பி வைக்க முடியாது, முள்ளு, யாரும் தூக்க மாட்டாங்க. கிழக்கு ரூம்ல கட்டில் போட்டிருக்கு. அங்க டிவி கிடையாது. நான் ஏதாவது தப்பா பண்ணினா பக்கத்துல இருந்து திட்டலாம், ஆனா புரியற மாதிரி திட்டணும். உங்க துணியெல்லாம் எடுத்துட்டு வாங்க. எப்ப வர்றீங்கன்னு சீக்கிரம் பதில் போடுங்க.