சீதாலக்ஷ்மி மாமியின் தொப்பி

9 ஜூலை 1979

நீலகிரிப் பக்கத்து ஏலத்திலிருந்து இரண்டு சாக்கு பட்டாளத் தொப்பிகள் வந்து இறங்கின. சண்டைக்காலத்துச் சரக்கு. வீடெல்லாம் பூஞ்சை நாற்றம், வெளியே விடாத மழை. உதறுவதும், தவிடு தூவி எண்ணெய்க்கறை எடுப்பதும், ஆவி காட்டி மர அச்சில் இழுத்து மாட்டுவதும் நான். மட்டாஞ்சேரி யூதத்தெருவில் எங்கள் பழம்பொருள் கடையில் உட்கார்ந்து "எல்லாம் என் கைவேலை" என்று வெள்ளைக்காரச் சாயிப்புகளிடம் சொல்வது என் கணவர்.

11 ஜூலை

இவருக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது கடையில் ஒரு வயதானவர் நின்றிருந்தார். திருப்பூணித்துறை சீதாலக்ஷ்மி மாமி. விற்க வரவில்லை. புருஷன் பர்மா சண்டையில் போனவராம். கூட இருந்தவர் கொண்டுவந்து கொடுத்த தொப்பி ஒன்றுதான் மிச்சம். வீட்டு ஓடு ஒழுகி நனைந்து நசுங்கிக் கிடந்தது. "பழையபடி நிக்கணும் குட்டி. அவ்வளவுதான்," என்றார்.

16 ஜூலை

மாமியின் தொப்பி முடிந்தது. உள்தோலில் நெற்றி வியர்வையின் கறை இருந்தது. அதை மட்டும் துடைக்கவில்லை. இவ்வளவு நன்றாக நான் எதையும் செய்ததில்லை. மாமியின் பேர் எழுதிச் சீட்டுக் குத்திக் கடையில் வைத்துவிட்டு வந்தேன்.

19 ஜூலை

விற்றுவிட்டார்.

20 ஜூலை

"கப்பல்லேர்ந்து வந்த சாயிப்பு அதேதான் வேணும்னு நின்னான். நான் என்ன செய்ய? சாக்கு நெறையக் கெடக்கே, ஒண்ணை எடுத்துக் குடு. கெழவிக்கு என்ன தெரியப்போறது?"

பேர் எழுதியிருந்ததே என்றால், அதைக் கிழித்துப் போட்டாராம். சீ. நான் ஏன் அங்கே கொண்டுபோய் வெச்சேன்? ஆத்துலயே வெச்சிருக்கப்படாதா?

24 ஜூலை

மாமி வந்தார். இவர் சாக்குத் தொப்பி ஒன்றை இரண்டு கையாலும் பவ்யமாக நீட்டினார். மாமி உள்ளே விரலை விட்டுத் தடவினார்.

"இது அவரோடதில்லை."

"சுத்தம் பண்ணினா அப்படித்தான் தோணும் மாமி," என்றார் இவர்.

மாமி என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு குட்டி."

இவர் என்னை முறைத்தார்.

"இல்லை மாமி. வித்துட்டார்," என்றேன்.

அழுவார், சபிப்பார் என்று நினைத்தேன். அந்தத் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பைக்குள் வைத்துக்கொண்டார். "யார் பெத்த பிள்ளையோடதோ. ஆத்துல இருக்கட்டும்."

இவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

5 செப்டம்பர்

பேச்சு திரும்பிவிட்டது. வியாபாரம் நன்றாக நடக்கிறது, அதனால். மாமியின் கதையை இப்போது எல்லாத் தொப்பிக்கும் சொல்கிறார். பர்மாவில் செத்தவர், விதவை கொண்டுவந்து கொடுத்தாள் — ஒரு மாமிக்கு எத்தனை புருஷன்! சிரிப்பு வரவில்லை. அந்தத் தொப்பிகளை நிமிர்த்திக் கொடுப்பதும் நான்தானே?

28 நவம்பர்

தூக்குப் பாத்திரத்தோடு கடைக்குப் போனேன். உள்ளே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. இவர் ஓடிவந்து என்னைப் பின்பக்கம் இழுத்துப்போனார்.

"அந்த விதவையைப் பாக்கணுமாம், கமலு. நீ வந்து நில்லு. ஒண்ணும் பேசண்டாம்."

"என்னன்னா சொல்றேள்?"

"ஒரு நிமிஷம்தானே! அவாளுக்கு வயசொண்ணும் தெரியாது. தாலியை உள்ள தள்ளிக்கோ."

நான் அசையவில்லை. இவரே தன் மேல்துண்டால் என் நெற்றியைத் துடைத்தார். அழுத்தி, கறை எடுப்பதுபோல.

போய் நின்றேன். ஏன் போனேன்? கால் எப்படி நடந்தது? அந்த வெள்ளைக்காரி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதாள். கல்யாணமாகி வந்த நாள்முதல் எனக்காக யாரும் அழுததில்லை.

தொப்பி விற்றது.

சாப்பிடும்போதுதான் இவர் என் முகத்தைப் பார்த்தார். "அவா போயாச்சே, பொட்டு வெச்சுக்கோயேன்," என்றார். மோர் ஊற்றினேன். வெச்சுக்கலை. கை போகலை.

6 டிசம்பர்

புதுச் சாக்கை நான் பிரிக்கவில்லை. மட்டாஞ்சேரியில் போட் ஏறி எர்ணாகுளத்துக்கு, சித்தி பெண் கங்காவின் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

3 மார்ச் 1980

இங்கே பிராட்வே கடைத்தெருவில் பேண்டு வாத்தியக்காரர்களுக்குத் தொப்பி தைக்கும் அங்கம்மாள் இன்று என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டாள். மதுரைக்காரி, எதையும் நேராகக் கேட்பவள். நான் ஒரு தொப்பியை அச்சில் மாட்டி விளிம்பை இழுத்ததைப் பார்த்து, "பழகின கைதான்," என்றாள். பிறகு என் நெற்றியைப் பார்த்தாள்.

"வீட்டுக்காரரு எப்பம்மா தவறினாரு?"

"போன கார்த்திகையிலே," என்றேன்.